மற்றவர் முன்னால் சாப்பிட முடிகிறதா?

சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களை ஒட்டிய ஒரு காலனி. கார் அறுவடை முடிந்திருந்த நேரம். வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. இடக் கன்னத்தில் புற்று வந்து, தாடை எலும்பில் ஒரு பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நெஞ்சிலிருந்து சதை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். முந்தானையால் பாதி முகத்தை மூடியபடிதான் எங்களிடம் பேசினார்.

எங்களோடு சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருவர் வந்திருந்தார். முதுகலை ஆய்வுக்காக வாய்ப் புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் வினாத்தாளைக் கொண்டுவந்திருந்தார். பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. மாணவி ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, அவர் பதில் சொன்னார். வலி, விழுங்குவது, எச்சில் வற்றுவது என்று கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் கேள்வி வந்தது. கடந்த ஒரு வாரத்தில் மற்றவர்கள் முன்னால் சாப்பிடுவதில் சிரமம் இருந்ததா என்பது அதன் சாரம்.

"மத்தவங்கன்னா யாரும்மா?" என்று பெரியம்மா திருப்பிக் கேட்டார்.

"வெளியாட்கள், பாட்டி. வேலை பாக்குற எடத்துல, விசேஷ வீட்டுல..."

"வயக்காட்டுல நாங்க எந்தக் காலத்துல அவிய முன்னால உக்காந்து தின்னோம்? வரப்புல தள்ளி உக்காந்துதான் தூக்குச்சட்டியத் தொறப்போம். விசேஷத்துக்கு ஊருக்குள்ள போனாலும் கடைசிப் பந்தி, இல்லன்னா கையில வாங்கிட்டு வந்துருவோம். இப்பப் புதுசா என்ன சிரமம்?"

மாணவியின் பேனா நின்றுவிட்டது. இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிகவும் என்று தாளில் நான்கு கட்டங்கள் இருந்தன. பெரியம்மா சொன்ன பதிலுக்கு அதில் இடமில்லை. கடைசியில் மாணவி 'இல்லவே இல்லை' என்பதில் டிக் அடித்தார். விதிப்படி அதுதான் சரி. சாதியால் சேர்ந்து உண்ண முடியாமலே வாழ்ந்த ஒருவர், நோய்க்குப் பிறகும் அந்தக் கேள்வியில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டார்.

அன்று பேருந்தில் திரும்பும்போது நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதற்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் மேலச்செவல் பக்கமும், முக்கூடல் பக்கமும், பாளையங்கோட்டையைச் சுற்றியும் வாய்ப் புற்று வந்த நம் மக்கள் சிலரை அதே வினாத்தாளோடு போய்ப் பார்த்தோம். ஆய்வு செய்யப் போகவில்லை. இந்த வினாத்தாள் நம்மவர்களின் வாழ்க்கையில் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போனோம்.

எதற்காக அளக்கிறார்கள்?

புற்றுநோய்க்குச் சிகிச்சை கொடுத்தவர்கள் நெடுங்காலம் ஒரே ஒரு கணக்கைத்தான் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்து எத்தனை பேர் ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. உயிரோடு இருக்கிறவர் எப்படி இருக்கிறார் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. தாடையை இழந்தவர் எதைச் சாப்பிடுகிறார், நாக்கில் பாதியை இழந்தவர் சொல்வது பிள்ளைகளுக்குப் புரிகிறதா, கதிர்வீச்சுக்குப் பின் எச்சில் சுரக்காத வாயோடு ராத்திரி எத்தனை முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

இந்த நிலை மாறியதில் 1993 முக்கியமான ஆண்டு. புற்றுநோய்ச் சிகிச்சை ஆய்வுக்கான ஐரோப்பிய அமைப்பு 30 கேள்விகள் கொண்ட வினாத்தாளை அந்த ஆண்டு வெளியிட்டது. எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான தாள் அது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கென்று 35 கேள்விகள் கொண்ட துணைத்தாளும் பின்னர் வந்தது. அதே 1993-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் இன்னும் சுருக்கமான ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். இன்றைய அதன் வடிவத்தில் வலி, தோற்றம், மெல்லுதல், விழுங்குதல், பேச்சு, தோள்பட்டை, சுவை, எச்சில், மனநிலை, பதற்றம் என்று 12 தலைப்புகள் இருக்கின்றன. இவற்றின் விடைகள் பூஜ்யத்திலிருந்து நூறு வரையான மதிப்பெண்ணாக மாற்றப்படுகின்றன. ஐரோப்பியத் தாளில் ஒருவரின் மதிப்பெண் 10 புள்ளிகளுக்கு மேல் மாறினால் அவர் வாழ்க்கையில் அவரே உணரும் அளவுக்கு ஏதோ மாறியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 1990-களில் பொதுவான ஒரு வாழ்க்கைத்தர அளவுகோலை உருவாக்கியது. அதற்காக உலகம் முழுவதும் 15 மையங்களில் மக்களிடம் பேசினார்கள். அதில் நம் சென்னையும் ஒன்று. ஒருவர் தான் வாழும் பண்பாட்டுக்குள், தன் எதிர்பார்ப்புகளோடும் கவலைகளோடும் சேர்த்து, தன் நிலையைத் தானே எப்படி உணர்கிறார் என்பதே வாழ்க்கைத்தரம் என்று அந்த நிறுவனம் விளக்கம் சொல்கிறது. 'எதிர்பார்ப்பு' என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறோம்.

மேற்கத்தியத் தாள்கள் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதை நம் மருத்துவத் துறையினரும் உணராமல் இல்லை. 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், நோயாளிகளின் மனநலம் பார்க்கும் பிரிவினர் இந்திய நோயாளிகளுக்கென்றே ஒரு வினாத்தாளை உருவாக்கிச் சோதித்து, 2005-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். திருத்திய இரண்டாம் வடிவம் 2011-ல் வந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் ஐரோப்பியத் தாளை இந்தி, மராத்தி பேசும் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததும் அதே 2005-ல்தான். ஐரோப்பியத் தாள் தமிழிலும் கிடைக்கிறது. தமிழில் இருந்தால் மட்டும் போதுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

பெட்டியும் நாற்றுக்கட்டும்

ஐரோப்பியத் தாளின் முதல் கேள்வியே கனமான கடைப்பையையோ பயணப்பெட்டியையோ தூக்குவது போன்ற கடினமான வேலைகளில் சிரமம் உண்டா என்று கேட்கிறது. முக்கூடல் பக்கம் ஓர் அண்ணன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். செங்கல் சூளையில் வேலை பார்த்தவர் அவர். "பொட்டியத் தூக்கிட்டு நான் எங்க போகப்போறேன்?" என்றார். அவரால் பெட்டியைத் தூக்க முடியும். ஆனால் பச்சைக் கல்லை அடுக்கித் தலைச்சுமையாகத் தூக்கும்போது வலப்பக்கக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. வாய்ப் புற்று கழுத்து நெறிகட்டிகளுக்குப் பரவும் என்பதால் கழுத்தையும் திறந்து அந்தக் கட்டிகளை எடுத்துவிடுவார்கள். அந்த வழியாகத் தோள்பட்டைக்குப் போகும் ஒரு நரம்பு அப்போது பாதிக்கப்படலாம். பாதிக்கப்பட்டால் தோள் தொங்கிவிடும், கை மேலே எழும்பாது. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நாற்றுக்கட்டு சுமப்பவருக்கும், கல் சுமப்பவருக்கும், குப்பை வண்டி தள்ளுபவருக்கும் அதோடு பிழைப்பே போய்விடும். 35 கேள்வித் தாளில் தோள்பட்டை பற்றி ஒரு கேள்விகூட இல்லை. வாஷிங்டன் தாளில் இருக்கிறது. ஐரோப்பியர்கள் பின்னாளில் 43 கேள்விகளாகத் திருத்தியபோது தோள்பட்டையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே எந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதே நம்மவர்களுக்குப் பெரிய விஷயம். ஆய்வு செய்யும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் பற்றி 30 கேள்வித் தாளில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. உடல்நிலையாலோ சிகிச்சையாலோ பணக்கஷ்டம் வந்ததா என்று அது கேட்கிறது. பேட்டை பக்கம் பீடி சுற்றும் ஓர் அக்காவிடம் இதைக் கேட்டோம். அவர் கணவருக்குத்தான் நோய். பதில் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் ஆனது. காதில் கிடந்தது அடகுக்குப் போனது, மகன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டது, சங்கத்துக் கடனுக்குத் தவணை கட்ட இன்னொரு கடன் வாங்கியது என்று சொல்லிக்கொண்டே போனார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டம் தாங்குகிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். அந்தத் திட்டம் இல்லையென்றால் நாங்கள் பார்த்தவர்களில் பலர் இன்று இல்லை. ஆனால் நோயாளிக்குப் போன கூலியையும், கூடவே இருந்தவருக்குப் போன கூலியையும் காப்பீடு தராது. அந்த அரைமணி நேரமும் தாளில் 'மிகவும்' என்ற ஒற்றை டிக்காக முடிந்தது.

வெற்றிலையும் கூலியும்

நம் மக்களுக்கு ஏன் இந்த நோய் வருகிறது என்று கேட்டால் 'கெட்ட பழக்கம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மருத்துவமனை வரிசையில் நிற்கும் நம்மவர்களிடம் எத்தனையோ பேர் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்கிறார்கள். பழக்கம்தான், மறுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பாட்டிமார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன காலத்தில் கூலியோடு வெற்றிலை, பாக்கு, புகையிலையும் கொடுப்பார்கள். புகையிலை பசியை மந்தமாக்கும். காலையில் குடித்த நீச்சத்தண்ணியோடு உச்சிவெயில் வரை குனிந்து நிற்க அது உதவியது. சம்சாரிக்கும் அது லாபம்தான். துப்புரவு வேலைக்குப் போகும் அருந்ததியர் தோழர்கள் சாக்கடை நாற்றத்தைத் தாங்கவே வாயில் பொட்டலத்தைப் போட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். இப்போது கொடிக்கால் வெற்றிலையின் இடத்தைப் பாக்கெட்டுகள் பிடித்துவிட்டன. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை. அந்தத் தடை எந்தப் பெட்டிக்கடையில் எப்படி இருக்கிறது என்று வாசகர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

வெறும் வெற்றிலை பாக்குத்தானே, புகையிலை இல்லையே என்று ஆறுதல் சொல்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டுமே போட்டாலும் புற்றை உண்டாக்கும் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதி செய்தது. கீழே ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கும் பெருமைதான். இலையில் அல்ல, அதற்குள் மடிக்கும் பாக்கிலும் புகையிலையிலும்தான் ஆபத்து இருக்கிறது.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நமக்கு அடுத்த கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை இருந்தது. அப்போது அது திருவிதாங்கூர். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் என்ற மருத்துவர் மலையை விட்டுவிட்டு வந்து நோயாளிகளைப் பார்த்த இடம். அங்கே பணியாற்றிய ஆர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்பவர்களுக்கு வரும் வாய்ப் புற்று பற்றி 1933-ல் லண்டன் 'லான்செட்' இதழில் எழுதினார். அது நடந்து 90 ஆண்டுகள் தாண்டிவிட்டன. 2020-ல் உலகம் முழுவதும் புதிதாக வாய்ப் புற்று வந்தவர்கள் ஏறத்தாழ 3 லட்சத்து 77 ஆயிரம் பேர் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. அதில் 1 லட்சத்து 35 ஆயிரம் பேருக்கு மேல் இந்தியர்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் நம் நாட்டுக்காரர்.

இந்தக் கணக்கில் சாதி இல்லை. நாங்கள் பார்த்த வினாத்தாள்களின் முகப்பிலும் வயது, பாலினம், படிப்பு, தொழில், வருமானம் எல்லாம் இருந்தன, சாதி மட்டும் இல்லை. சாதியைக் கேட்பது நாகரிகமில்லை என்று ஆய்வு செய்பவர்கள் நினைக்கலாம். யார் பின்தங்கி வருகிறார்கள், யார் பாதியில் சிகிச்சையை விடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க முடியாமல் போவதுதான் அந்த நாகரிகத்தின் விளைவு.

'ஏதோ இருக்கோம்'

இனி அந்த 'எதிர்பார்ப்பு' விஷயம். 30 கேள்வித் தாளின் கடைசியில் இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த வாரம் உங்கள் உடல்நலம் மொத்தத்தில் எப்படி, வாழ்க்கைத்தரம் மொத்தத்தில் எப்படி என்று கேட்டு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். நாங்கள் பார்த்தவர்களில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் குறைவாகப் போடுவார்கள் என்று நினைத்திருந்தோம். அப்படி நடக்கவில்லை. "ஏதோ இருக்கோம், அஞ்சு போடுங்க" என்கிறார்கள். ஓலைக்கூரை ஒழுகும் வீட்டில், கஞ்சியை வடிகட்டிக் குடிக்கும் ஒருவர் ஐந்து போடுகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கும் அதே நோய். அவர் நம்மவர் அல்ல. காரம் சாப்பிட முடியவில்லை, கூட்டங்களில் பேச முடியவில்லை என்று மூன்று போடுகிறார். அவர் வேதனை பொய்யில்லை. ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலனிக்காரர்தான் நன்றாக வாழ்கிறார் என்று தோன்றும்.

அமர்த்தியா சென் 2002-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைத்தான் எழுதினார். இந்தியாவில் அதிக ஆயுளோடு வாழும் கேரள மக்கள்தான் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகக் குறைவு. படிப்பும் மருத்துவமும் எட்டிய இடத்தில் மக்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய கவனம் இருக்கிறது. எட்டாத இடத்தில் நோவு இயல்பாகிவிடுகிறது. பீகாருக்குச் சொன்னது நம் காலனிக்கும் பொருந்தும்.

அதற்காக இந்தத் தாள்களைத் தூக்கி எறியச் சொல்கிறோமா? இல்லை. எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. எங்கள் எண்ணத்தை மாற்றியவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஒப்பந்த வேலை, வயது நாற்பத்தைந்துக்குள். நாக்கோரத்தில் புற்று. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். பதினேழு நாள் போனவர் பதினெட்டாம் நாள் போகவில்லை. வலி தாங்காமல் விட்டுவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு செவிலியர் அவருடைய வீட்டுக்கே போய், தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். வலிக்கு 'ஓரளவு' என்றார். விழுங்குவதற்கும் 'ஓரளவு'. மற்றவர்கள் அருகில் இருப்பது பற்றிய கேள்வி வந்தபோது மனிதர் அழுதுவிட்டார். வாய் நாற்றம் அடிக்கிறது, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். "சாக்கடைக்குள்ள எறங்குனப்பவும் எந்திச்சுப் போனாவ, இப்பமும் எந்திச்சுப் போறாவ" என்றாராம். அவருக்கு நின்றுபோனது அந்தப் பேருந்துப் பயணம்தான். வாயைக் கழுவும் முறையும் மருந்தும் சொல்லிக்கொடுத்து, ஒரு தோழர் தினமும் பைக்கில் கூட்டிப்போய், மீதி நாட்களை முடித்தார். நடுவில் சில நாள் விட்டுப்போனதற்கு என்ன விலை என்பது இனிமேல்தான் தெரியும். கேள்வி கேட்டதால்தான் அந்தக் காரணம் வெளியே வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் 'வலி தாங்காதவர்' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

நம் வீட்டுத் தனி டம்ளர்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தோம். எழுதியே ஆகவேண்டும்.

குடும்பத்தார் முன்னால் சாப்பிடச் சிரமமா, குடும்பத்தார் உங்களைத் தொட்டுப் பழகுவதில் சிரமமா என்றும் தாளில் கேள்விகள் உண்டு. ஆற்றுக்குக் கீழ்க்கரையில் ஒரு வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓர் அம்மா ஜன்னல் திண்டைக் காட்டினார். அங்கே ஒரு டம்ளரும் ஒரு தட்டும் தனியாக இருந்தன. அவருக்கானவை. பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று மருமகள் எடுத்து வைத்திருக்கிறார். மகன் எங்களோடு இயக்கத்தில் இருப்பவர். டீக்கடை இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடி வழக்கு வாங்கியவர். அவர் வீட்டில், அவர் அம்மாவுக்குத் தனிக் குவளை.

வாய்ப் புற்று ஒட்டுவாரொட்டி அல்ல. எச்சிலில் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது, முத்தம் கொடுத்தாலும் வராது. இதை அந்த வீட்டில் உட்கார்ந்து நாங்கள் சொன்னோம். மகன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மருமகளைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவரிடம் யாரும் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா காப்பி போடச் சொன்னார். எங்களுக்கு வந்தபோதே அவருக்கும் வந்தது. எந்த டம்ளரில் வந்தது என்று பார்க்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

செய்யக்கூடியவை

வாய்ப் புற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சம் அடித்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தை விலக்கிப் பார்த்தால் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள் வீடு வீடாகப் போய் இப்படிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 1 லட்சத்து 90 ஆயிரம் பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். பாதிப் பேருக்குப் பரிசோதனை, பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே, பரிசோதனை நடந்த ஊர்களில் வாய்ப் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005-ல் அதே 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. தமிழ்நாடு அரசும் 2023-ல் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கான பரிசோதனையை நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. கன்னியாகுமரி அதில் ஒன்று.

வீட்டிலேயே பார்க்கலாம். மூன்று விரலைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் வாய் இறுகுகிறது. வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருக்கிறதா, மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா, காரணமில்லாமல் பல் ஆடுகிறதா, கழுத்தில் கட்டி தட்டுப்படுகிறதா? ஒன்று இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது.

விவசாயக் கூலிகள் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால், புற்றுநோய் போன்ற நோயால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாத உதவி கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் போகிறவருக்கும் சலுகை உண்டு. மருத்துவமனைச் சான்று வேண்டும். நாங்கள் பார்த்தவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருக்கவில்லை.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் நெல்லைக் கல்லூரிகளிலும் உளவியல், சமூகப்பணி, செவிலியர் படிப்பு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கு இந்தத் தாள்களை எடுங்கள். தாளின் கேள்வியை மாற்றக் கூடாது என்ற விதி உண்டு, அதை மீற வேண்டாம். ஆனால் பக்கத்தில் இன்னொரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். நோய்க்கு முன் யாரோடு சேர்ந்து சாப்பிட்டீர்கள், எந்த வேலை செய்தீர்கள், அந்த வேலைக்குத் திரும்ப முடிந்ததா, கூலி எத்தனை நாள் போனது, யாருடைய படிப்பு நின்றது என்று அதில் எழுதுங்கள். கட்டத்துக்குள் அடங்காத பதிலை, சொன்னவரின் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். சாதியையும் எழுதுங்கள், அவர் சம்மதித்தால்.

சேரன்மகாதேவிப் பெரியம்மாவை மறுபடி பார்க்கப் போனோம். இந்த முறை வாஷிங்டன் தாள். அதில் எங்களுக்குப் பிடித்த ஒரு கேள்வி இருக்கிறது. இந்தத் தொல்லைகளில் போன வாரம் உங்களுக்கு எவை மூன்று பெரிதாக இருந்தன என்று நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். வலி, தோற்றம், மெல்லுதல் என்று மாணவி பன்னிரண்டையும் வாசித்தார். பெரியம்மா இரண்டைச் சொன்னார். எச்சில் வற்றுவது ஒன்று, தோள் ஒன்று.

"மூணாவது, பாட்டி?"

"நீ வாசிச்சதுல இல்ல. குலவ போட முடியல. நடவுக்கு மொதக் குலவ நான்தான் போடுவேன். இப்ப நாக்கு சொழலல."

மாணவி அதை இரண்டாவது தாளில் எழுதிக்கொண்டார். பிசான நடவு தொடங்கியிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பெண்கள் குனிந்து நின்றார்கள். அடுத்த பரிசோதனைக்குப் பாளையங்கோட்டை போகவேண்டிய தேதியை பெரியம்மா எங்களிடம் இரண்டு முறை கேட்டார். மகள் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தார்.